வைபரில் இருந்து வட்ஸ்அப்புக்கு ஏன் எடுக்க ஏலாது?

அம்மாவின் போனில் ஆட்களோடு கதைப்பதற்கென்று மட்டும் நான்கு செயலிகள். ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு வைபர். பாரிஸில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு வட்ஸ்அப். யாழ்ப்பாணத்து மாமி இமோவை விட்டு அசையமாட்டார். மருமக்களின் படம் பார்க்க இன்ஸ்டகிராம். எல்லாம் ஒரே குடும்பம்தான், ஆனால் யாரை எந்தப் பெட்டிக்குள் தேடவேண்டும் என்பதை அம்மா மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். போன மாதம் வெள்ளவத்தை வீட்டில், புதுப் போனுக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"ஏன் பிள்ளை, டயலொக்கில இருந்து மொபிட்டலுக்குக் கோல் எடுக்கலாம். வைபர்ல இருந்து வட்ஸ்அப்புக்கு ஏன் எடுக்க ஏலாது?"

கணினி வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. "அது வேற தொழில்நுட்பம் அம்மா" என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அது பொய் என்று எனக்கே தெரியும். வட்ஸ்அப், மெசெஞ்சர் இரண்டும் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா என்ற ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். அந்த இரண்டுக்கும் இடையிலேயே நமக்குப் பேச வழியில்லை. அதே நிறுவனம் 2020-ல் மெசெஞ்சரையும் இன்ஸ்டகிராமையும் இணைத்து, ஒன்றில் இருந்து மற்றதற்குச் செய்தி அனுப்பவிட்டது. 2023 டிசம்பரில் அந்த இணைப்பைத் திரும்பக் கழற்றியது. வேண்டுமென்றால் பூட்டலாம், வேண்டாமென்றால் கழற்றலாம் என்றால் அது முடியாத வேலை இல்லையே.

அம்மாவின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் அவர் சொன்ன டயலொக், மொபிட்டல் என்ற இலங்கை மொபைல் கம்பனிகளிலேயே இருக்கிறது. காலி வீதியில் இரண்டு கம்பனியின் விளம்பரப் பலகைகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். ஆனாலும் 077-ல் இருந்து 071-க்கு அழைப்பு போகிறது. இலக்கம் எப்படி அமைய வேண்டும், ஒரு கம்பனி மற்றதிடம் அழைப்பை எப்படிக் கைமாற்ற வேண்டும் என்பதெல்லாம் எழுதிவைத்த விதிகள். இலங்கைக்கு 94 என்ற குறியீடு சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பட்டியலில் இருந்து வந்தது. 1865-ல் தந்திக் கம்பிகளை நாட்டுக்கு நாடு பொருத்துவதற்காகத் தொடங்கிய அமைப்பு அது. விதி மட்டும் போதாது என்பதால் சட்டமும் உண்டு. தொலைத்தொடர்பு நடத்த உரிமம் வாங்குகிறவர் மற்றவர்களோடு இணைப்புக் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கேட்கும்.

எழுதிய விதி ஒன்று, கட்டாயம் ஒன்று. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த எழுதிய விதியைத்தான் ஸ்டாண்டர்ட், நியமம் என்கிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்காமல் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், வாசிக்கலாம், ஒரு கம்பனி மட்டும் தன் வசதிக்கு மாற்ற முடியாது என்றால் அது திறந்த நியமம். வரைவிலக்கணம் சொன்னால் காதில் ஏறாது. தமிழ் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தப் பாமினியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பாமினியில் தட்டச்சு செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது ஓர் எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருக்கும். "தமிழ்" என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஜேகேபிஓதான் பல்லைக் காட்டும். அக்காவின் கலியாண அழைப்பிதழை ஹம்டன் ஒழுங்கைப் பக்கம் ஒரு கடையில் பாமினியில் அடித்து யாழ்ப்பாணத்து அச்சகத்துக்கு அனுப்பினோம். அவர்களிடம் இருந்தது வேறு எழுத்துரு. மாப்பிள்ளை வீட்டுப் பெயர் வாய்க்குள் நுழையாத எழுத்துக் குவியலாகத் திரும்பி வந்தது. கடைசியில் அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு "கானா இல்லை, சானா, சானாவுக்கு மேல விசிறி" என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி முடித்தார். 

அந்தக் காலத்தில் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தார்கள். பாமினியில் எழுதிப் பழகிய ஒருவர் வேறொன்றுக்கு மாறினால் பழைய கோப்பெல்லாம் குப்பை. அதனால் அசிங்கமாக இருந்தாலும் பழகியதிலேயே கிடந்தார்கள். யூனிகோட் வந்து ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தது. 'த' என்றால் 2980. கொழும்பிலும் 2980, ரொறன்ரோவிலும் 2980, ஐபோனிலும் அதேதான். 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது, நம் கைக்கு வந்து சேர்வதற்குத்தான் காலம் எடுத்தது. இப்போது எழுத்துருக்கள் எதில் போட்டியிடுகின்றன என்று பாருங்கள். எது வடிவு, எது சிறிய திரையில் நன்றாக வாசிக்க முடிகிறது என்பதில். முன்பு போட்டி, யாருடைய எழுத்துருவில் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதில் இருந்தது.

எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவது இதுதான். திறந்த நியமம் போட்டியை இல்லாமல் செய்வதில்லை, போட்டி நடக்கும் இடத்தை மாற்றுகிறது. தெருமுனை மளிகைக்கடையில் ஒட்டியிருக்கும் லங்கா கியூஆர் ஸ்டிக்கரும் அப்படித்தான். மத்திய வங்கி ஒரு பொது நியமம் வைத்ததால், கடைக்காரரின் வங்கி ஏதாக இருந்தாலும் அந்தத் திட்டத்தில் சேர்ந்த எந்த வங்கிச் செயலியாலும் ஸ்கேன் பண்ணலாம். இல்லாவிட்டால் கல்லாப்பெட்டிக்கு மேல் வங்கிக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டவேண்டி வந்திருக்கும். எந்தச் செயலி வேகமாகத் திறக்கிறது, எது கழிவு தருகிறது என்பதில் வங்கிகள் அடிபடட்டும். அது நமக்கு நல்லது.

சரி, சமூக வலைத்தளங்களுக்கு வருவோம். எங்கள் அபார்ட்மென்டில் 40 வீடு. தண்ணீர் வராதது, ஜெனரேட்டர் டீசல் கணக்கு, லிப்ட் பழுது எல்லாம் ஒரு வட்ஸ்அப் குழுவில் ஓடும். 2021 ஜனவரியில் வட்ஸ்அப் புதிய தனியுரிமை விதிகளை அறிவித்தபோது உலகம் முழுக்கப் பலர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடினார்கள். எங்கள் கட்டடத்திலும் ஒரு கூட்டம் போட்டு "சிக்னலுக்குப் போவோம்" என்று தலையாட்டினோம். ஆறு வீடு போனது, அதில் நானும் ஒன்று. இரண்டு கிழமை ஒருவருக்கொருவர் "குட் மோர்னிங்" சொல்லிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வராத செய்தி பழைய குழுவில்தான் வந்தது. திரும்பி வந்துவிட்டோம்.

சிக்னல் மோசமாக இருந்து நாங்கள் திரும்பவில்லை, ஆட்கள் இங்கே இருந்தார்கள். 40 பேர் இருக்கும் இடத்தில் இருவர் இருவராகப் பேசக்கூடிய வழிகள் 780. ஆறு பேர் இருக்கும் இடத்தில் 15. ஆட்கள் கூடக்கூட இந்த எண் மடங்கு மடங்காக ஏறுகிறது. நெட்வேர்க் எஃபெக்ட் என்று பொருளியல்காரர்கள் சொல்வது இதைத்தான். ஊரோடு ஒத்து வாழ் என்று சொன்ன பெரியவர்கள் செயலியை நினைத்துச் சொல்லவில்லை, ஆனால் நாம் அப்படித்தான் வாழ்கிறோம். புதிதாக ஒருவன் பத்து மடங்கு நல்ல செயலி செய்து கொண்டுவந்தாலும், நம் பெரியம்மா அதில் இல்லாதவரைக்கும் அது வெறும் வீடு.

வெளியேறுவதற்கு இன்னொரு வழி இருப்பதாகத் தோன்றும்: நம் தரவுகளை எடுத்துக்கொண்டு போவது. பேஸ்புக் 2010-ல் இருந்தே நம் தகவல்களை இறக்கிக்கொள்ள விடுகிறது. நானும் ஒருநாள் இறக்கிப் பார்த்தேன். படங்கள் இருந்தன, நான் எழுதியவை இருந்தன. நண்பர்கள் என்ற கோப்பைத் திறந்தால் பெயர்களும் நட்பான திகதியும். பழைய வகுப்பின் இடாப்பு மாதிரி. பெயர் இருக்கிறது, கூப்பிட்டால் "வந்திருக்கிறேன்" சொல்ல ஆள் இல்லை. எடுத்துக்கொண்டு போவது வேறு, அங்கே இருப்பவர்களோடு இங்கே இருந்து கதைப்பது வேறு. இரண்டாவதுதான் பெரிய விஷயம்.

பல தளங்களில் உள்ள உங்கள் ஆட்களை ஒரே இடத்தில் காட்டுகிறேன் என்று பவர் வென்ச்சர்ஸ் என்ற நிறுவனம் வந்தது. பேஸ்புக் 2008-ல் அதன்மேல் வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் முக்கியமான விஷயத்தில் பேஸ்புக்கே வென்றது. தானாக வளர்ந்து வந்த போட்டியாளர்களுக்கு வேறு வழி: இன்ஸ்டகிராமை 2012-ல் 100 கோடி டொலருக்கும் வட்ஸ்அப்பை 2014-ல் 1,900 கோடி டொலருக்கும் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு செயலிக்கு அவ்வளவு பணமா என்று அப்போது பேசினோம். ஆட்கள் இருக்கும் இடத்தை வாங்கியிருக்கிறார்கள்.

நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் தொலைபேசிக்கு இதே கதை நடந்தது. பல நகரங்களில் பெல் கம்பனியும் இன்னொரு கம்பனியும் தனித்தனியாகக் கம்பி இழுத்திருந்தன. ஒன்றில் இருந்து மற்றதற்கு எடுக்க முடியாது. கடைக்காரர்கள் மேசையில் இரண்டு தொலைபேசி வைத்திருந்தார்கள், அம்மா நான்கு செயலி வைத்திருக்கிற மாதிரி. அரசின் நெருக்கடியால் 1913-ல் பெல்லின் தாய்க் கம்பனியான ஏடிஅண்ட்டி தன் நீண்டதூரக் கம்பிகளில் மற்றக் கம்பனிகளையும் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. அதோடு பெரியவன் சிறியவனாகிவிடவில்லை. அந்த நிறுவனம் 1984-ல் உடைக்கப்படும்வரை ராஜாவாகத்தான் இருந்தது. இணைப்பு வந்தால் போட்டி தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சமூக வலைத்தளத்துக்குத் திறந்த நியமமே இல்லையா என்றால், இருக்கிறது. மாதிரி ஈமெயில்தான். ஈமெயில் அனுப்பும் விதி 1982-ல் எழுதப்பட்டது, இன்றைக்கும் ஜிமெயிலில் இருந்து யாஹூவுக்குப் போவது அதன் வழிவந்த முறையில்தான். உலக வலை அமைப்பான டபிள்யூ3சி 2018 ஜனவரியில் அக்டிவிட்டிபப் என்ற நியமத்தை ஏற்றுக்கொண்டது. அதன் உள்ளே நடப்பது கிட்டத்தட்டத் தபால் வேலை. ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் உள்பெட்டி, ஒரு வெளிப்பெட்டி. வெள்ளவத்தையில் ஒரு வாசிகசாலை தனக்கென்று ஒரு சேர்வர், அதாவது கணக்குகளையும் பதிவுகளையும் வைத்திருக்கும் கணினி, நடத்துகிறது, நான் அதில் இருக்கிறேன் என்று வையுங்கள். பெரியம்மா ஸ்காபரோவில் வேறு யாரோ நடத்தும் சேர்வரில் இருக்கிறார். நான் அவரைப் பின்தொடர்ந்தால், என் சேர்வர் அவருடைய உள்பெட்டிக்கு ஒரு கடிதம் போடும்: இன்னார் உங்களைப் பின்தொடர விரும்புகிறார். அவர் சம்மதித்தபின் பேரனின் படம் ஒன்று போட்டால், அவருடைய சேர்வர் அதை என் உள்பெட்டியில் கொண்டுவந்து போடும். நான் 'லைக்' பண்ணினால் அதுவும் ஒரு கடிதமாகத் திரும்பிப் போகும். முகவரியும் ஈமெயில் மாதிரித்தான், பெயரும் சேர்வரின் பெயரும். இரண்டு சேர்வரையும் ஒரே ஆள் நடத்தவேண்டும் என்றில்லை, ஒரே மென்பொருளாக இருக்கவேண்டும் என்றும் இல்லை.

இதைப் பரவலாகப் பயன்படுத்துவது ஒய்கன் ரொக்கோ 2016-ல் தொடங்கிய மாஸ்டடோன் என்ற பதிவுத் தளம். இன்னொரு பக்கம் அதே மாதிரியான புளூஸ்கை, ஏடி புரோட்டோகோல் என்ற தன் நியமத்தோடு வந்து 2024 பெப்ரவரியில் எல்லோருக்கும் கதவு திறந்தது. இரண்டிலும் வீடு மாறலாம். மாஸ்டடோனில் ஒரு சேர்வரில் இருந்து இன்னொன்றுக்குப் போனால் பின்தொடர்கிறவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. புளூஸ்கை பதிவுகளையும் சேர்த்து எடுத்துப்போக வழி வைத்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான கணக்குகள் அந்தக் கம்பனியின் சேர்வர்களிலேயே கிடக்கின்றன. கதவு திறந்திருக்கிறது, யாரும் வெளியே வரவில்லை.

மெட்டாவும் 2023 ஜூலையில் திரெட்ஸ் என்ற பதிவுத் தளத்தைத் தொடங்கி, அந்த வருட டிசம்பரில் இருந்து அதை மெல்ல மெல்ல அக்டிவிட்டிபப்போடு இணைக்கத் தொடங்கியது. நல்ல செய்திதானே? மாஸ்டடோன்காரர்களில் பலர் கைதட்டவில்லை, பயந்தார்கள். பயத்துக்கு ஒரு பழைய கதை காரணம்.

எக்ஸ்எம்பிபி என்று உடனடிச் செய்திகளுக்கு ஒரு திறந்த நியமம் உண்டு. ஜாபர் என்ற பெயரில் 1999-ல் பிறந்தது. கூகுள் 2005-ல் கூகுள் டோக் என்ற தன் செய்திச் சேவையை அதன்மேல் கட்டியது. அடுத்த வருடம் மற்ற சேர்வர்களில் இருப்பவர்களும் கூகுள் ஆட்களோடு கதைக்கலாம் என்று திறந்துவிட்டது. சின்னச் சின்ன சேர்வர் நடத்தியவர்களுக்கு அது திருவிழா. 2013-ல் அதன் இடத்துக்கு ஹாங்அவுட்ஸ் என்ற புதுச் சேவை வந்தது, கூகுள் அந்தப் பாலத்தைக் கைவிட்டது. சின்ன சேர்வரில் இருந்தவருக்கு ஒரு காலையில் தன் நண்பர்களில் பெரும்பாலானவர்கள் மறுகரையில். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, வட்ஸ்அப்பும் தொடக்கத்தில் அதே எக்ஸ்எம்பிபியை எடுத்துத் தன் வசதிக்கு வெட்டித் தைத்துத்தான் கட்டப்பட்டது. அத்திவாரத்தில் ஊர்ப் பொதுக்கல், வாசலில் தனிப் பூட்டு.

சிறியவனாக இருக்கும்போது கதவைத் திறந்து வைத்தால் ஆட்கள் வருவார்கள். பெரியவனானதும் அதே கதவால் ஆட்கள் வெளியே போய்விடுவார்கள். அப்போது மூடத் தோன்றுவது இயல்பு. கெட்ட புத்தி என்று நான் சொல்லமாட்டேன், வியாபாரக் கணக்கு. அதனால்தான் தொலைபேசி விஷயத்தில் விதியோடு கட்டாயமும் தேவைப்பட்டது.

அந்தக் கட்டாயத்தை ஐரோப்பிய ஒன்றியம் முயன்று பார்க்கிறது. அங்கே டிஜிட்டல் சந்தைகள் சட்டம் பெரிய கம்பனிகளை வாயில்காப்பாளர் என்று பெயரிட்டு, 2024 மார்ச்சில் இருந்து கடமைகளைச் சுமத்தியது. சின்ன செய்திச் சேவை ஒன்று கேட்டால் வட்ஸ்அப்பும் மெசெஞ்சரும் இணைப்புக் கொடுக்க வேண்டும். முதலில் இருவர் இடையிலான செய்தியும் படமும், பிறகு குழு, கடைசியாக அழைப்பு. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாதபடி செய்யும் இரகசியக் குறியாக்கத்தின் பாதுகாப்புக் குறையக்கூடாது என்றும் நிபந்தனை. ஆனால் இது செய்தி அனுப்புவதற்கு மட்டும். பேஸ்புக் சுவர், இன்ஸ்டகிராம் படங்கள் அதில் அடங்காது. நம் நாட்டில் இப்படியொரு கட்டாயம் இல்லை, எனவே ஸ்காபரோவுக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் இந்தச் சட்டம் எதையும் மாற்றப்போவதில்லை.

மறுபக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. சிக்னலை உருவாக்கியவர்களில் ஒருவரான மொக்ஸி மார்லின்ஸ்பைக் 2016-ல் ஒரு வாதம் வைத்தார்: பல பேர் சேர்ந்து பிடிக்கும் நியமம் காலத்தில் உறைந்துவிடும், எல்லோரும் சம்மதித்தால்தான் ஒரு மாற்றம் வரும், ஒரே கையில் இருக்கும் செயலி வேகமாக முன்னேறும். உண்மைதான். ஈமெயிலுக்கு முழுமையான இரகசியக் குறியாக்கம் இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை. திறந்த கதவால் குப்பைக் கடிதமும் வரும். பரிசு விழுந்ததாகச் சொல்லும் மின்னஞ்சல் நம் எல்லோருக்கும் வந்திருக்கிறது. வெறுப்புப் பேச்சைத் துப்புரவு செய்வது யார் வேலை, சேர்வர் மின்கட்டணம் யார் தலையில் என்ற கேள்விகளும் இருக்கின்றன. மாஸ்டடோன் சேர்வர் நடத்துகிறவர்களில் பலர் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். அலுத்துப்போய் மூடுகிறவர்களும் உண்டு.

இருந்தாலும் எல்லாம் ஓரிரு கையில் இருப்பதன் விலை கொழும்பில் இருப்பவர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியதில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் வன்முறை நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும். 2022 ஏப்ரல் 3, ஊரடங்கு ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு தடவை. நாலைந்து பெயரை ஒரு பட்டியலில் எழுதினால் நாட்டின் பேச்சு நின்றுபோகிறது. அரசுகூடத் தேவையில்லை: 2021 ஒக்டோபர் 4 அன்று, அப்போது பேஸ்புக் என்றே பெயர் கொண்டிருந்த மெட்டாவின் உள்ளே நடந்த ஒரு தவறால் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் சுமார் ஆறு மணித்தியாலம் உலகம் முழுக்கப் படுத்துவிட்டன. ஆயிரக்கணக்கான சேர்வர்களில் பரவியிருக்கும் ஒன்றை முடக்க முடியாது என்றில்லை. ஒவ்வொன்றாகத் தேடிப் பூட்ட மினக்கெட வேண்டும், அவ்வளவுதான். 2022-ல் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வேலை செய்தவை சாதாரண அழைப்பும் ஈமெயிலும். இரண்டும் ஒரு கம்பனிக்குச் சொந்தமில்லாதவை.

தொட்டுப் பார்க்க ஆசையென்றால் மாஸ்டடோனில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். எந்தச் சேர்வர் என்று தலையைப் பிய்க்கவேண்டாம், பிடிக்காவிட்டால் மாறலாம் என்பதுதானே விஷயமே. சொந்தமாக ஓர் இணையப் பெயர் (டொமைன்) வாங்கி வைப்பதும் நல்லது. புளூஸ்கையில் அதையே உங்கள் பெயராக வைக்கலாம், ஈமெயிலுக்கும் போடலாம், கம்பனி மாறினாலும் முகவரி மாறாது. இலங்கை இணையப் பெயர்களுக்கு .lk என்ற ஆங்கில முடிவு போல .இலங்கை என்று தமிழிலும் முடிவு உண்டு, ஆனால் பல படிவங்கள் தமிழ் எழுத்து முகவரியை இன்னும் விழுங்க மறுக்கின்றன. ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மாஸ்டடோன் கணக்கில் தமிழில் எழுதுகிறவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். பெரியம்மாவை அங்கே கூப்பிடும் துணிவு எனக்கு இல்லை.

அன்றைக்கு அம்மாவின் புதுப் போனில் மூன்று செயலிகளை ஏற்றிவிட்டேன். நான்காவதுக்கு வந்த உறுதிப்படுத்தும் இலக்கம் பழைய சிம்முக்குப் போய்விட்டது. அந்தச் சிம்மை எங்கே வைத்தேன் என்று நான் மேசையெல்லாம் கிளறிக்கொண்டிருந்தேன். அம்மா காத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்து மாமியின் மொபிட்டல் இலக்கத்தை மனதில் இருந்து அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார்.